வண்டி வந்தபோது ராமக்கா எழவில்லை

முப்பது பேர் எழுந்து ஓடும்போது ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால், அவருக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது?

கருவூலத் தெரு நான்கு வருடங்களாக ராமக்காவைப் பற்றிக் கேட்டுவரும் கேள்வி இது. ஏன் உட்கார்ந்திருந்தார் என்று யாராவது கேட்டிருந்தால் அது வேறு கேள்வியாக இருந்திருக்கும். என்ன தெரிந்திருந்தது என்று கேட்கும்போது பதிலில் பாதியைக் கேட்பவரே முடிவு செய்துவிடுகிறார். அவரிடம் கடலை வாங்கிவந்த நானும் வெகுநாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ராமக்காவுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. இண்டூருக்கு மேற்கே ஒரு சிற்றூர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். கணவர் முனியப்பன் போர்வெல் வண்டியோடு வருடத்தில் பத்து மாதம் வடக்கே போய் வந்தவர். வேலையை விட்டுத் திரும்பியபோது காது பாதி போயிருந்தது. ஒரே மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். ராமக்கா விற்பது வேகவைத்த கடலை. வீட்டிலேயே அவித்து, அலுமினியக் குண்டானில் ஈரத்துணி போர்த்தி, எட்டு மணி பஸ்ஸில் நகரத்துக்குக் கொண்டு வருவார். கடலை இல்லாத மாதங்களில் சீத்தாப்பழமும் மாங்காயும். இருபத்திரண்டு வருடமாக ஒரே இடம்: கருவூல ஆபீஸ் சுவரை ஒட்டி, இரண்டாவது மின்கம்பத்தின் அடியில்.

அவரைப் புகழ்ந்து சொல்ல எளிதாக எதுவும் கிடைக்காது. சிரித்துப் பேசமாட்டார். கொசுறு கேட்டால் ஒரு கடலை போடுவார், இரண்டாவது விழாது. சொத்தை இருக்கிறதே என்றால், “உரிச்சாத்தானுங்களே தெரியும்” என்பார். அது உண்மைதான், ஆனால் வாங்குகிறவரிடம் சொல்கிற பேச்சு அல்ல.

அந்தத் தெருவின் வியாபாரத்தில் ஒரு வித்தை இருந்தது. எல்லோரும் சரக்கை விரிப்பது நான்கு முனையிலும் கயிறு கட்டிய ஒரு தார்ப்பாயின்மேல். கயிறுகளைச் சேர்த்து ஒரே இழுப்பு இழுத்தால் கடை மூட்டையாகிவிடும். தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் தங்கராஜுக்கு நகராட்சி வண்டி தபால் ஆபீஸ் திருப்பத்தில் வருவது முதலில் தெரியும். “வண்டி!” என்று ஒரு குரல் கொடுப்பார். வெங்காயம், வெற்றிலை, பூ, பிளாஸ்டிக் குடம், சீப்பு, கண்ணாடி எல்லாம் மூட்டையாகிக் கல்யாண மண்டபத்துச் சந்துக்குள் மறைந்துவிடும். வண்டி வந்து நிற்கையில் தெருவில் நாலு வாழைச் சருகும் ஒரு நாயும் இருக்கும். இந்த வேகத்தில் அவர்களுக்குப் பெருமை உண்டு. புதிதாக வந்தவருக்கு முதலில் கற்றுத் தரப்படுவது கயிறு கட்டும் முறை. விலை சொல்வது அதற்குப் பிறகுதான்.

காலையில் சுங்கச் சீட்டுக் கிழிப்பவர் வருவதும் நகராட்சியின் பெயரால்தான், மத்தியானம் வண்டி வருவதும் நகராட்சியின் பெயரால்தான். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. காலையில் காசு கட்டுவார்கள், மத்தியானம் ஓடுவார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் ஐப்பசியில், தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுப்பதென்று நகராட்சி முடிவு செய்தது. அட்டை இருந்தால் விரட்டமாட்டார்கள், புதிய சந்தையில் மேடை கிடைக்கும். அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று கருவூலத் தெருவுக்கும் வந்தது. ஆனால் அது தொடங்கியது, “தெருவோர வியாபாரிகள் கவனத்திற்கு” என்று. அந்த மூன்று சொற்களுக்குப் பிறகு அதுவரை வந்த செய்தியெல்லாம் அப்புறப்படுத்தும் செய்திதான். நாலாவது சொல் காதில் விழுவதற்குள் தெரு மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது. மிச்சத்தை யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கணக்கெடுப்பவர்கள் நகராட்சி வண்டியிலேயே வந்து இறங்கினார்கள். தங்கராஜ் வழக்கம்போல் குரல் கொடுத்தார். தெரு வழக்கம்போல் ஓடியது. ராமக்கா மட்டும் எழவில்லை. கையில் டேப்லெட் வைத்திருந்த பெண் ஒருத்தி அவரை உட்கார்ந்த இடத்திலேயே படம் எடுத்து, ஆதார் எண்ணும் போன் எண்ணும் கேட்டுப் பதிந்துகொண்டாள். மண்டபத்துச் சந்திலிருந்து முப்பது பேர் இதை எட்டிப் பார்த்தார்கள். அபராதம் எழுதுகிறார்கள் என்று நினைத்தார்கள். சிலர் பாவப்பட்டதாகவும் சொல்கிறார்கள்.

கருவூலத் தெருவில் வியாபாரிகள் ஒருவர் என்று நகராட்சிக் கோப்பில் ஏறியது. ஒருவருக்காக ஒரு தெருவை விற்பனைப் பகுதியாக வைப்பதில்லை. அதைத் தடை செய்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தார்கள். தை மாதம் ராமக்காவுக்கு அட்டை வந்தது.

“என்னக்கா, கார்டு வந்திருச்சாமே?” என்றார் பக்கத்தில் பூ விற்கும் மணிமேகலை. “கழுத்துல மாட்டிக்கோ. கடலைக்குக் கண்ணு படாது.”

“பிளாஸ்டிக்குதான். மழைல நனையாது” என்றார் ராமக்கா.

தங்கராஜ் நேராகவே கேட்டார். “யாருங்கக்கா சொன்னாங்க உங்களுக்கு? அத மட்டும் சொல்லிருங்க. நாங்க வேற ஒண்ணும் கேக்கல.”

“யாரும் சொல்லல.”

“யாரும் சொல்லாம ஒரு மனுசி வண்டி வர்றப்ப உக்காந்திருப்பாங்களா?”

“உக்கார்றதுக்கு யாராச்சும் சொல்லணுமா தங்கராசு?”

அதன்பிறகு சான்றுகள் சேர ஆரம்பித்தன. கணக்கெடுப்பு நடந்த அன்று காலை ராமக்காவுக்கு ஒரு போன் வந்தது, தெலுங்கில் பேசினார். பக்கத்தில் இருந்த மணிமேகலைக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. புரியாதது நாளாக ஆகக் கனமேறியது. முதலில் “ஏதோ பேசினா” என்று இருந்தது, பங்குனியில் “மெதுவாப் பேசினா” என்றாகி, ஆடி வருவதற்குள் “நான் கேக்கறேன்னு தெலுங்குக்கு மாறினா” என்று வந்து நின்றது. அடுத்த சான்று காவியா. ராமக்காவின் தம்பி மகள். நகராட்சி ஆபீஸில் ஒப்பந்த வேலையில் கம்ப்யூட்டரில் பதிகிறவள். இதற்குமேல் என்ன வேண்டும் என்று தெரு கேட்டது.

நான் பின்னால் விசாரித்தேன். காவியா வேலைக்குச் சேர்ந்தது கணக்கெடுப்பு முடிந்து நான்கு மாதம் கழித்து. இதைத் தங்கராஜிடம் சொன்னேன். டீ ஆற்றுவதை அவர் நிறுத்தவில்லை.

“அப்ப வேலைக்கு முன்னாடியே ஏற்பாடு நடந்திருக்குங்க” என்றார்.

தேதி மாறினாலும் குற்றம் மாறவில்லை. ஒரு முடிவுக்கு வந்துவிட்டவரிடம் உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதையும் அவர் தன் மூட்டையிலேயே போட்டுக் கட்டிக்கொள்கிறார். அதற்காகத் தங்கராஜைக் குறை சொல்லவும் எனக்குத் தகுதி போதாது. காவியா இல்லையென்றால் வேறு யார் என்றுதான் என் மனமும் அடுத்து தேடியது.

தெரு ராமக்காவை அடிக்கவில்லை, இடத்தைப் பிடுங்கவில்லை. தெருவில் ஒரு பழக்கம் உண்டு: கழிப்பறைக்குப் போகும்போது பக்கத்துக் கடைக்காரரிடம் “பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ராமக்காவின் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று. ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். மணிமேகலை பூவைத் தொடுத்துக்கொண்டே, “கார்டு இருக்குல்ல, அதப் பாத்துக்கச் சொல்லு” என்றார். அதிலிருந்து ராமக்கா காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். கடலை தீர்ந்து வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் குடிப்பார். மூன்று வருடத்துக்கு மேல் அப்படி. ஒருமுறை கடலை வாங்கப் போனபோது உதடு வெடித்திருந்ததைப் பார்த்தேன். குற்றம் செய்தவர் தண்டனையை இப்படிப் பேசாமல் ஏற்றுக்கொள்வார் என்று தோன்றியது. குற்றம் செய்யாதவரும் அப்படி இருக்கலாம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

போன வருடம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் புதிய சந்தைக் கட்டடம் முடிந்தது. கருவூலத் தெருவை முழுதாகக் காலி செய்யப்போவதாகப் பேச்சு வந்ததும் முப்பது பேரும் மனு எழுதிக்கொண்டு நகராட்சி ஆபீஸ் மாடிக்குப் போனார்கள். சந்தைகளைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் மாதவராஜ் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்களை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அவருடைய சந்தேகம். மேடை கிடைக்கிறதென்றால் விற்காதவரும் வியாபாரி என்று வந்து நிற்பதை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

“சர்வே அன்னிக்கு உங்க ரோட்டுல ஒரே ஆளு. இன்னிக்கு மாடிப்படி தாங்காத அளவுக்கு நிக்கறீங்க. எங்கிருந்துங்க வந்தீங்க இத்தன பேரு?”

“அன்னிக்கு ஓடிட்டோம் சார்.”

“ஏன் ஓடினீங்க?”

“நீங்க வந்தீங்களே சார்” என்றார் மணிமேகலை.

மாதவராஜ் சிரிக்கவில்லை. சுங்கச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். ஒருவரிடமும் இல்லை. கட்டியவுடன் கசக்கிப் போட்ட சீட்டு அது. கடைசியில் நகராட்சியின் தெரு வியாபாரக் குழு ஒரு வழி சொன்னது: அதே தெருவில் அட்டை வைத்திருப்பவர் நேரில் வந்து, இன்னார் இன்ன இடத்தில் இன்னது விற்கிறார் என்று அடையாளம் காட்டினால் பட்டியலில் சேர்க்கலாம்.

அட்டை வைத்திருப்பவர் ஒருவர்தான்.

அடுத்த ஒரு வாரம் ராமக்காவுக்குக் கேட்காமலே டீ வந்தது. குடித்துவிட்டு டம்ளருக்குப் பக்கத்தில் காசை வைத்தார். “நீ போய்ட்டு வாக்கா, நான் பாத்துக்கறேன்” என்று மூன்று பேர் சொன்னார்கள். “எனக்கு வரல” என்றார். பகை தீர்ந்ததா, வளர்ந்ததா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மணிமேகலை மட்டும் தண்ணீர்கூட நீட்டவில்லை. மூன்று வருடம் பேசியதைப் பார்த்தால் தன் பெயர்தான் முதலில் அடிபடும் என்று அவர் முடிவு செய்திருந்தார். அவருடைய பிழைப்பு முழுதும் ராமக்காவின் வாயில் இருந்தது.

அடையாளம் காட்டும் நாளில் மாதவராஜ் ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார். மற்றவர்கள் வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள்.

“இவரு?”

“வெங்காயம். அஞ்சாவது கம்பம். தராசுல கட்டை வெரலயும் சேத்து வெப்பாரு.”

வாசலில் சிரிப்பு எழுந்தது. வெங்காயக்காரர், “நிறுக்கறப்ப வெரலு எங்க போவும்?” என்று முனகினார்.

“இவங்க?”

“சீப்பு, கண்ணாடி, ஊக்கு. மண்டபத்து கேட்டு ஓரமா. மழ வந்தா முதல்ல ஓடறவங்க இவங்கதான். வண்டி வந்தா ரெண்டாவது.”

இடையில் தங்கராஜும் வரிசையில் வந்து நின்றார். தெருவில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவர் நினைத்திருக்கலாம். ராமக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இவருக்குக் கடை இருக்குதுங்க. தெருவுல விக்கறதில்ல. தெருவுக்காகக் கத்துவாரு, அவ்வளவுதான்.”

தங்கராஜ் முகம் சுண்டிப்போய் வெளியே வந்தார். அதைப் பார்த்ததும் வாசலில் இருந்தவர்களின் சிரிப்பு நின்றது. இந்தப் பொம்பள இல்லாததைச் சொல்லமாட்டா, ஆனா இருக்கறத சொல்லாம விட்ருவாளோ என்ற பயம் எல்லோருக்கும் வந்தது.

கடைசியாக மணிமேகலை உள்ளே போனார். மாதவராஜ் இரண்டு முறை கேட்டார்.

“பூவு” என்றார் ராமக்கா. “எனக்கு வலக்கைப் பக்கம். காலையில மல்லி, சாயந்தரம் கனகாம்பரம். பதினாறு வருசமா இருக்கறா. கை குட்டை, அதனால முழமும் குட்டை.”

மாதவராஜே சிரித்துவிட்டார். மணிமேகலை தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரி, நீங்க சொல்லுங்க” என்றார் மாதவராஜ், கையெழுத்து வாங்கும்போது. “அன்னிக்கு இவங்க எல்லாரும் ஓடினாங்க. நீங்க ஏன் ஓடல?”

“கால் வலிங்க.”

வாசலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணக்கெடுப்பு நடந்த அன்று மத்தியானம் ராமக்கா குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வேகமாக நடந்து போனதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

முப்பது பேரும் பட்டியலில் சேர்ந்தார்கள். ராமக்காவோடு முப்பத்தொன்று. கருவூலத் தெருவுக்கென்று ஒதுக்கிய மேடைகள் முப்பது. முதல் கணக்கெடுப்பிலேயே அட்டை பெற்றவருக்குக் குலுக்கல் கிடையாது. வாசலை ஒட்டிய ஒன்றாம் எண் மேடை ராமக்காவுக்கு. மீதி இருபத்தொன்பதுக்கு முப்பது சீட்டு. வெற்றுச் சீட்டு மணிமேகலை கைக்கு வந்தது. அவர் பெயர் காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக, தனியாக, ஏறியது.

“உள்ள விட்டு வெளிய தள்ளிட்டா” என்றார் மணிமேகலை. “அடையாளம் காட்டறப்ப நல்ல பேரு, குலுக்கறப்ப இந்த வேல. கம்ப்யூட்டருல உக்காந்திருக்கறது யாரு?” சீட்டுப் போட்டது ஒரு பிளாஸ்டிக் வாளியில், எடுத்தது அவரே. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சந்தை திறந்தது. இருபத்தொன்பது பேர் மேடை ஏறினார்கள். மணிமேகலை சந்தைக்கு வெளியே, கேட்டை ஒட்டி, கூடையோடு நின்று விற்றார். உட்கார்ந்தால் காவலாளி எழுப்பிவிடுவார் என்பதால் நாள் முழுக்க நின்றார். ஒன்றாம் எண் மேடை காலியாகக் கிடந்தது. ராமக்கா கருவூலத் தெருவில், இரண்டாவது மின்கம்பத்தின் அடியில், தனியாக இருந்தார்.

தெரு பழைய பாடத்தைப் புதிதாகப் படித்தது. மேடையை வேறு யாருக்கோ பேசி வைத்திருக்கிறார், கொஞ்ச நாள் போனால் தெரியும் என்றார்கள். எனக்கு வேறொரு சந்தேகம். முப்பது கடை போன பிறகு அந்தத் தெருவில் விற்பது அவர் ஒருவர்தான். கருவூல ஆபீஸுக்கு வரும் ஓய்வூதியக்காரர்கள் எல்லோரும் அவரிடமே வாங்கினார்கள். கடலை இரண்டு மணிக்கெல்லாம் தீர்ந்தது. இதற்காகத்தான் முப்பது பேரையும் தாராளமாக அடையாளம் காட்டினாரோ என்று, அவரிடமே கடலை வாங்கி உரித்துக்கொண்டே நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. ஒருவழியாக அவரைப் புரிந்துகொண்டுவிட்ட திருப்தி.

மூன்றாவது வாரம் வண்டி வந்தது. தங்கராஜின் வாய் பழக்கத்தில் “வண்டி!” என்றது. ஓட ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், அவரும் எழவில்லை. மாதவராஜ் இறங்கி வந்தார்.

“ஏங்க, அங்க ஒண்ணாம் நம்பரு காலியாக் கெடக்குது. இங்க என்ன பண்றீங்க?”

“கடல விக்கறேங்க.”

“இது தடை செஞ்ச ரோடு. இங்க அந்தக் கார்டு செல்லாது.”

“தெரியுங்க.”

“முப்பது நாளைக்குள்ள மேடையில உக்காரலைன்னா அடுத்த பேருக்குப் போயிரும். அப்புறம் உங்களுக்கு அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அடுத்த பேரு யாருன்னாச்சும் தெரியுமா?”

“தெரியுங்க.”

மாதவராஜ் வண்டியின் கதவைத் திறந்தார். “இன்னிக்கு விட்டுட்டுப் போறேன். அடுத்த தடவ குண்டானோட ஏத்திருவேன்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அவர் சொன்னால் செய்கிறவர். எனக்கு இருந்த திருப்தி அன்றோடு போயிற்று. இரண்டு மணிக்குத் தீரும் கடலைக்காக ஒருவர் குண்டானையும் மேடையையும் சேர்த்துப் பணயம் வைப்பாரா என்ற கணக்கு எனக்குச் சரிவரவில்லை.

முப்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. எட்டு மணி பஸ்ஸில் இறங்கிய ராமக்கா கருவூலத் தெருப் பக்கம் திரும்பாமல் சந்தைக்குள் வந்தார். கேட்டருகே நின்ற மணிமேகலை அவரைப் பார்த்ததும் கூடையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். உள்ளே வெங்காயக்காரர், “வந்துட்டாங்க பாரு. கடைசி நாளு வரைக்கும் எல்லாரையும் ஆட்டி வெச்சுட்டு” என்றார், காதில் விழும்படியே.

ராமக்கா குண்டானை ஒன்றாம் எண் மேடைக்குக் கீழே இறக்கி வைத்தார். குழாயடியிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து மேடையில் ஊற்றினார். ஒரு மாதத் தூசி சேறாக ஓடியது. இன்னொரு பக்கெட் ஊற்றி, மூலையில் ஒட்டியிருந்த சிமெண்டுத் துணுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்து, தன்னிடமிருந்த பழைய துணியால் மேடை முழுதையும் துடைத்தார். அவசரப்படாமல், மாவு பிசையும் இடத்தைத் துடைப்பதுபோலத் துடைத்தார். பிறகு குழாயில் இரண்டு கையையும் ஏந்தி, காலை நேரத்தில், வயிறு நிறையத் தண்ணீர் குடித்தார்.

எல்லோரும் அவர் கடையை விரிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

ராமக்கா துணியைப் பிழிந்து தோளில் போட்டார். குண்டானை எடுத்து இடுப்பில் வைத்தார். கேட்டைத் தாண்டும்போது மணிமேகலை, “எங்கக்கா போற?” என்றார். மூன்று வருடத்துக்கும் மேலான பிறகு அவர் ராமக்காவிடம் குத்தலில்லாமல் கேட்ட முதல் கேள்வி அது. ராமக்கா நிற்கவில்லை. மேடை காய்வதற்குள் அவர் இரண்டாவது மின்கம்பத்தின் அடியில் உட்கார்ந்து, ஈரத்துணியை விலக்கி, யாருக்கோ கடலை அளந்துகொண்டிருந்தார்.